பாடசாலையும் சமயமும்: இலங்கைப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தரம் 1 விண்ணப்பப் படிவம் கைக்கு வந்தால், பெற்றோரின் கவனமெல்லாம் வீட்டிலிருந்து பாடசாலைக்கு எவ்வளவு தூரம், பழைய மாணவர் புள்ளி எத்தனை என்பதிலேயே இருக்கும். சமயம் என்ற கட்டத்தை ஒரு சொல்லால் நிரப்பிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள். ஆனால் பிள்ளைக்கு இடம் கிடைக்குமா என்பது தொடங்கி, தரம் 11 முடிவில் எந்த வினாத்தாள் எழுதுவது என்பது வரைக்கும் அந்த ஒரு சொல் கூடவே வரும். சேர்ப்பதற்கு முன் கேட்கவேண்டியவற்றைச் சேர்த்த பின் கேட்டுத் தவிக்கும் பெற்றோர் பலர். அவர்களுக்காகவே இந்தப் பக்கம்.

எங்கள் ஊரில் தமிழ்ப் பாடசாலை, முஸ்லிம் பாடசாலை, சிங்களப் பாடசாலை என்று தனித்தனியாகவே இருக்கின்றன. சட்டமா அப்படிப் பிரித்தது?

பிள்ளைகளை இனவாரியாகப் பிரித்து வை என்று சொல்லும் சட்டம் எதுவும் இல்லை. ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்த பல அடுக்குகள் சேர்ந்து அப்படி ஆக்கிவிட்டன.

முதல் அடுக்கு மிஷன் பாடசாலைகள். அமெரிக்க மிஷன் 1823-இல் வட்டுக்கோட்டையில் செமினரி தொடங்கியது. அங்கே படிக்கப் போனால் பைபிளும் சேர்ந்தே வரும். அதற்கு மறுமொழியாக ஆறுமுக நாவலர் 1848-இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். தெற்கில் 1880-இல் வந்த ஒல்கொட்டின் பிரம்மஞான சங்கம் பௌத்த பாடசாலைகளைத் திறந்தது. ஆனந்தா கல்லூரி 1886-இல் அப்படி வந்ததுதான். முஸ்லிம்களுக்கு நவீன கல்வி வேண்டும் என்று சித்தி லெவ்வை உழைத்தார். 1923-இல் சைவ வித்தியா விருத்திச் சங்கம் உருவாகி, கிராமம் கிராமமாகச் சைவப் பாடசாலைகளை நடத்தியது. ஒவ்வொரு சமூகமும் தன் பிள்ளைகளைக் காத்துக்கொள்ளக் கட்டிய மதில்கள் இவை. தேவை இருந்தது, கட்டினார்கள். மதில்கள் மட்டும் அப்படியே நின்றுவிட்டன.

இரண்டாவது அடுக்கு மொழி. 1940-களின் நடுப்பகுதியிலிருந்து தாய்மொழி மூலக் கல்வி படிப்படியாகக் கட்டாயமாயிற்று. முஸ்லிம், பறங்கியர் பிள்ளைகளுக்கு மட்டும் மொழியைத் தெரிவு செய்யும் வாய்ப்பு இருந்தது. தாய்மொழியில் படிப்பது நல்லதே. ஆனால் ஆங்கிலத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்த தமிழ், சிங்களப் பிள்ளைகள் அதன் பிறகு ஒரே வளவுக்குள் இருந்தாலும் வேறு வகுப்பில் இருந்தார்கள். பெரும்பாலும் வளவும் வேறாயிற்று.

மூன்றாவது, போர். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது அங்கிருந்த பாடசாலைகளின் முகமே மாறிப்போனது. திரும்பி வந்த குடும்பங்களின் பிள்ளைகள் இன்றைக்குப் பல இடங்களில் வகுப்பில் இரண்டு பேர், மூன்று பேர் என்றுதான் இருக்கிறார்கள்.

சாதியையும் மறைக்கக் கூடாது. யாழ்ப்பாணத்தில் எல்லாப் பிள்ளைகளும் சமமாக வாங்கில் இருக்கலாம் என்பதே ஒரு காலத்தில் போராட்டமாக இருந்தது. ஒரே சமயத்தவர் மட்டும் படித்த பாடசாலைக்குள்ளும் மதில் இருந்தது.

"கையேற்கப்பட்ட பாடசாலை" என்கிறார்கள். அதற்கும் என் பிள்ளையின் சமயத்துக்கும் என்ன தொடர்பு?

நேரடித் தொடர்பு உண்டு. 1960-ஆம் ஆண்டின் 5-ஆம் இலக்கச் சட்டமும் 1961-ஆம் ஆண்டின் 8-ஆம் இலக்கச் சட்டமும் அரச உதவி பெற்றுவந்த சமயச் சங்கங்களின் பாடசாலைகளை அரசின் கீழ் கொண்டுவந்தன. சில பாடசாலைகள் தனியாகவே நிற்க முடிவெடுத்தன. யாழ்ப்பாணத்தில் பரி. யோவான் கல்லூரி, வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரி போன்றவை இன்றும் அரச பாடசாலைகள் அல்ல. தரம் 1 சேர்க்கை விதிகளைச் சொல்லும் கல்வி அமைச்சின் சுற்றறிக்கை அவற்றுக்குப் பொருந்தாது.

கையேற்கப்பட்டவற்றுக்கு ஒரு விதி உண்டு. கையேற்ற காலத்தில் அங்கே படித்த பிள்ளைகளின் சமய விகிதத்தைத் தரம் 1 சேர்க்கையில் கவனத்தில் எடுக்கவேண்டும். கத்தோலிக்கப் பாடசாலையாக இருந்த இடத்தில் அதன் தன்மை காக்கப்படவேண்டும் என்பதே நோக்கம்.

இது எப்படி வேலை செய்கிறது என்பதை ஒரு கணக்கோடு பாருங்கள். வழமையான சுற்றறிக்கைப் பங்கீடு இது: அண்மையில் வசிப்போர் 50%, பழைய மாணவரின் பிள்ளைகள் 25%, ஏற்கெனவே படிக்கும் பிள்ளைகளின் சகோதரர் 15%, கல்வித்துறை நிறுவன ஊழியரின் பிள்ளைகள் 5%, இடமாற்றம் பெற்ற அரச ஊழியரின் பிள்ளைகளுக்கும் வெளிநாட்டிலிருந்து திரும்பியோருக்கும் சேர்த்து மீதி 5%. ஒரு பாடசாலையில் 100 இடம், பழைய சமய விகிதம் 60:30:10 என்று வைத்துக்கொள்வோம். அண்மை வசிப்புக்கான 50 இடங்கள் 30, 15, 5 ஆகப் பிரியும். பழைய மாணவர் பிரிவின் 25 இடங்கள் 15, ஏழரை, இரண்டரை ஆகும். அரைப் பிள்ளையைச் சேர்க்க முடியாது. அதை மேலே தூக்குவதா கீழே இறக்குவதா என்பதில்தான் ஒவ்வோர் ஆண்டும் மனக்கசப்பு வருகிறது. வெளிநாட்டுப் பிரிவு போன்ற ஓரிரு இடப் பிரிவில் பத்து சதவீதச் சமயத்துக்குச் சேரவேண்டியது அரை இடம்கூட இல்லை. நடைமுறையில் அது பூச்சியம்.

ஆகவே, "வீடு பக்கத்தில்தான், நிச்சயம் கிடைக்கும்" என்று இருந்துவிடாதீர்கள். நீங்கள் போட்டியிடுவது நூறு இடத்துக்கு அல்ல, உங்கள் சமயத்துக்கும் உங்கள் பிரிவுக்கும் உரிய அந்த ஐந்து இடத்துக்கு. இன்னொன்று: ஒரு சமயத்துக்குரிய இடங்களுக்கு விண்ணப்பம் குறைந்தால், மீதி இடங்கள் மற்றச் சமயங்களுக்குப் பகிரப்படும். சேர்க்கை முடியும் வரை அதையும் விசாரித்துக்கொண்டிருங்கள்.

அந்த விகிதம் எவ்வளவு என்று பாடசாலையில் சொல்ல மறுக்கிறார்கள்.

எழுத்தில் கேளுங்கள். 2016-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பிரசை எவரும் கேட்கலாம். ஏன் கேட்கிறேன் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தமிழிலேயே எழுதலாம். கேட்கவேண்டியவை நான்கு: கையேற்கப்பட்ட திகதி, அன்றைய சமய விகிதம், கடந்த மூன்று ஆண்டுகளில் ஒவ்வொரு பிரிவிலும் சமயவாரியாகச் சேர்க்கப்பட்ட எண்ணிக்கை, தசம எண்களை முழு எண்ணாக்கிய முறை. கேள்வி பொதுவாக இருந்தால் பதிலும் பொதுவாகத்தான் வரும். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தன் முடிவைச் சொல்லவேண்டும். விண்ணப்பம் ஏற்ற பற்றுச்சீட்டை வாங்காமல் வரவேண்டாம்.

இதைச் சேர்க்கைக்கு முந்திய ஆண்டிலேயே செய்துவிடுவது நல்லது. நேர்முகப் பரீட்சைக்கு இரண்டு கிழமை இருக்கும்போது கேட்டால் பதில் வரும்போது பட்டியலும் வந்துவிடும்.

பிள்ளையின் சமயத்தை எதைக் கொண்டு காட்டுவது? தாய் கத்தோலிக்கர், தந்தை சைவர்.

பிறப்புச் சான்றிதழில் பெற்றோரின் இனம் இருக்கும், சமயம் இருக்காது. பலர் நேர்முகப் பரீட்சை மேசையில்தான் இதைக் கவனிக்கிறார்கள். கத்தோலிக்கப் பிள்ளைக்குத் திருமுழுக்குச் சான்றிதழ் எளிய ஆதாரம். மற்றச் சமயத்தவர் பெற்றோரின் திருமணப் பதிவையும், வேண்டுமானால் சத்தியக் கடதாசி ஒன்றையும் வைத்திருக்கலாம்.

கலப்புத் திருமணக் குடும்பங்கள் ஒன்றை மட்டும் தவறாமல் செய்யவேண்டும்: எல்லா விண்ணப்பத்திலும் ஒரே சமயத்தை எழுதுங்கள். ஒரு பாடசாலைக்குச் சைவம் என்றும் இன்னொன்றுக்குக் கத்தோலிக்கம் என்றும் எழுதி, இரண்டு பட்டியலும் ஒரே வலயத்தில் ஒப்பிடப்பட்டால் இரண்டும் போய்விடும். எந்தச் சமயத்தில் பிள்ளையை வளர்க்கப்போகிறோம் என்பதை இடம் கிடைப்பதை வைத்துத் தீர்மானிக்காதீர்கள். அந்தத் தெரிவோடு பதினோராண்டு இருக்கப்போவது பிள்ளைதான்.

சமய பாடம் கட்டாயமா?

ஆம். க.பொ.த. சாதாரண தரத்தில் சமயம், தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், வரலாறு, விஞ்ஞானம் ஆகிய ஆறும் கருப் பாடங்கள். உயர்தரத்துக்குப் போகத் தேவையான ஆறு சித்திகளில் சமய பாடத்தின் சித்தியும் சேரும்; கவனமாகப் படிக்கும் பிள்ளைக்கு நல்ல பெறுபேறு தரும் பாடம் இது.

பரீட்சை விண்ணப்பத்தில் பாட இலக்கத்தைப் பாருங்கள்: பௌத்தம் 11, சைவநெறி 12, கத்தோலிக்கம் 14, கிறிஸ்தவம் 15, இஸ்லாம் 16. அதிகம் தவறுவது 14-க்கும் 15-க்கும் இடையில்தான். மெதடிஸ்த, அங்கிலிக்கன், தென்னிந்தியத் திருச்சபைப் பிள்ளைகளை "வேதம்தானே" என்று 14-இல் போட்டுவிடுவார்கள். இரண்டும் வேறு பாடத்திட்டம், வேறு வினாத்தாள். அனுமதி அட்டை வந்த அன்றே பார்த்தால் திருத்த நேரம் இருக்கும்.

வகுப்பில் எங்கள் சமயத்துக்கு என் பிள்ளை ஒருவர்தான். ஆசிரியர் இல்லை. சமய பாட வேளையில் என்ன நடக்கும்?

இந்தப் பக்கத்தில் இதுதான் முக்கியமான கேள்வி.

வழமையாக நடப்பது இது. மணி அடிக்கும். மற்றப் பிள்ளைகள் சமயப் புத்தகத்தை எடுப்பார்கள். உங்கள் பிள்ளை தன் கொப்பியையும் தண்ணீர்ப் போத்தலையும் எடுத்துக்கொண்டு எழும்பும். "நீ லைபிரரிக்குப் போ" என்பார் ஆசிரியர். நூலகம் பூட்டியிருக்கும். பிள்ளை விறாந்தைத் தூணோடு நிற்கும், அல்லது திரும்பி வந்து பின்வாங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு இருக்கும். யாரும் கொடுமை செய்யவில்லை. ஆனால் கிழமைக்குக் கிழமை, ஆண்டுக்கு ஆண்டு, "இந்த வகுப்பு உனக்கில்லை" என்று பிள்ளை கற்றுக்கொள்கிறது. தவணைப் பரீட்சையில் சமயத்துக்குப் புள்ளி இல்லாததால் சராசரியும் குறையும், வகுப்பு நிலையும் இறங்கும்.

இதைச் சரிசெய்ய ஐந்து விடயங்களை அதிபரிடம் எழுத்தில் கேளுங்கள்.

முதலாவது, பாடநூல். எல்லாச் சமயப் பாடநூல்களும் இலவசம். அதிபர் தேவையான எண்ணிக்கையை முந்திய ஆண்டிலேயே அனுப்புகிறார். ஒரே ஒரு பிள்ளை என்றால் அந்த ஒன்று பட்டியலில் விடுபட்டுப் போகும். வராவிட்டால் கல்வி வெளியீட்டுத் திணைக்கள இணையத்தளத்தில் இருந்து பதிவிறக்கி அச்சிடலாம்.

இரண்டாவது, ஆசிரியர். பக்கத்துப் பாடசாலையில் அந்தச் சமய ஆசிரியர் இருந்தால், கிழமையில் ஒரு நாளுக்கு இணைப்புச் செய்ய வலயக் கல்விப் பணிப்பாளரால் முடியும். ஒரு பிள்ளைக்காகச் செய்யமாட்டார்கள். ஆகவே தனியாகப் போகாதீர்கள். தரம் 6 முதல் 11 வரை பாடசாலை முழுவதிலும் அந்தச் சமயப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். தரத்துக்கு இரண்டு வகுப்பு, வகுப்புக்கு ஒருவர் என்றாலும் மொத்தம் பன்னிரண்டு பேர் தேறலாம். பன்னிரண்டு பெற்றோரின் கையெழுத்தோடு வரும் கடிதத்தை ஒதுக்கிவைப்பது கடினம்.

மூன்றாவது, நேர அட்டவணை. பன்னிரண்டு பேரையும் ஒன்றாக இருத்திப் படிப்பிக்கவேண்டுமானால் எல்லாத் தரங்களுக்கும் சமய பாடம் ஒரே வேளையில் வரவேண்டும். அட்டவணை போடும் ஆசிரியரிடம் ஆண்டுத் தொடக்கத்துக்கு முன்பே சொல்லவேண்டிய விடயம் இது. தை மாதம் பிறந்த பின் ஒருவரும் அட்டவணையைத் தொடமாட்டார்கள்.

நான்காவது, இடம். பூட்டாத ஓர் அறை, ஒரு மேசை, பொறுப்பாக ஒரு ஆசிரியரின் பெயர். ஆசிரியர் கிடைக்கும்வரை பிள்ளை பாடநூலில் எந்தப் பக்கம் வாசிக்கவேண்டும் என்ற தவணைத் திட்டம் ஒன்றைக் கோவில் அறநெறி ஆசிரியரோ மௌலவியோ மறையாசிரியரோ எழுதித் தரலாம். ஒரு தாள் போதும்.

ஐந்தாவது, வினாத்தாள். வேறு பாடசாலையின் அல்லது வலயத்தின் தவணை வினாத்தாளைப் பெற்று எழுதவைத்து, அந்த ஆசிரியரிடமே திருத்தி வாங்கலாம். அது முடியாத தவணையில் சமயத்தை விட்டுவிட்டுச் சராசரியைக் கணக்கிடும்படி கேளுங்கள். பூச்சியம் போடுவது அநீதி.

வேறு வழியில்லை, பெரும்பான்மைப் பிள்ளைகளின் சமயத்தையே படிக்கட்டுமா?

பெற்றோர் விரும்பினால் படிக்கலாம். பல பிள்ளைகள் நல்ல பெறுபேறும் எடுக்கிறார்கள். ஆனால் "ஆசிரியர் இல்லை, ஆகவே இதைத்தான் எடுக்கவேண்டும்" என்று பாடசாலை கட்டாயப்படுத்த முடியாது. அரசியலமைப்பின் 10-ஆம் உறுப்புரை சிந்தனை, மனச்சாட்சி, மத சுதந்திரத்தை எந்த மட்டுப்பாடும் இல்லாமல் ஒவ்வொருவருக்கும் தருகிறது. சம்மதம் உங்களுடையதாக இருக்கட்டும்.

மாற்றுவதானால் தரம் 10-க்கு முன் மாற்றுங்கள். சாதாரண தர வினாத்தாள் 10, 11 பாடத்திட்டத்தில் வருவது. நடுவில் மாறும் பிள்ளை ஓராண்டுப் பாடத்தைத் தனியே படிக்கவேண்டியிருக்கும்.

காலைப் பிரார்த்தனையில் தேவாரம். வாணி விழாவுக்குப் பூசை. எங்கள் பிள்ளை என்ன செய்வது?

கைகூப்பவோ பாடவோ திருநீறு பூசவோ தேவையில்லை. மரியாதையாக எழுந்து நிற்பது போதும். இதை முதல் நாளே வகுப்பாசிரியரிடம் சொல்லிவைத்தால், மைதானத்தில் எல்லார் முன்னாலும் "ஏன் கை கூப்பவில்லை" என்ற கேள்வி வராது. பிரசாதம் வாங்குவதா என்பதை வீட்டில் முடிவெடுத்துப் பிள்ளைக்கு ஒரு வசனமும் சொல்லிக்கொடுங்கள்: "நன்றி மிஸ், எங்கள் வீட்டில் சாப்பிடுவதில்லை." சொல்லத் தெரியாத பிள்ளைதான் வாங்கி ஒளித்து வைத்துவிட்டு அழும்.

பாடசாலைகளுக்கு: எல்லாரும் ஒரு நிமிடம் மௌனமாக நிற்பது பிரச்சினை இல்லாத வழி. ஆனாலும் கிழமைக்கு ஒரு நாள் சிறுபான்மைப் பிள்ளை தன் சமயப் பிரார்த்தனையைச் சொல்ல, மற்றவர்கள் மரியாதையாகக் கேட்டு நிற்பதே சிறந்தது என்பது எங்கள் எண்ணம். மௌனத்தில் பிள்ளைகள் ஒருவரைப் பற்றி ஒருவர் எதையும் அறிவதில்லை.

ஜும்ஆத் தொழுகையும் நோன்பும்?

முஸ்லிம் பாடசாலைகளுக்கு ரமழானை ஒட்டித் தனி விடுமுறை உண்டு. வெள்ளிக்கிழமை நேரத்தோடே விடும். மற்றப் பாடசாலைகளில் படிக்கும் முஸ்லிம் பிள்ளைக்கு இவை தானாகக் கிடைக்கா. 1.30 மணிக்குப் பாடசாலை விடும்போது ஜும்ஆ முடிந்திருக்கும். வெள்ளிக்கிழமைகளில் நேரத்தோடு போக ஆண்டு முழுவதுக்கும் ஒரே கடிதத்தில் அனுமதி கேளுங்கள். வெள்ளி கடைசிப் பாடவேளைகளில் கணிதமோ விஞ்ஞானமோ வராமல் பார்க்கும்படியும் அதிலேயே எழுதுங்கள். ஒவ்வொரு வெள்ளியும் கணிதத்தைத் தவறவிட்டால் ஆண்டு முடிவில் அது பெரிய பள்ளமாகிவிடும். நோன்பு நாட்களில் இல்ல விளையாட்டுப் போட்டிப் பயிற்சி வந்தால் காலை முதல் வேளைக்கு மாற்றிக் கேட்கலாம்.

சீருடையில் பர்தா, பரீட்சை மண்டபத்தில் காது?

முஸ்லிம் மாணவியருக்கான சீருடை அரச ஏற்பாட்டில் உள்ளதுதான்; அது யாரும் செய்யும் சலுகை அல்ல. பரீட்சை மண்டபம் தனிக் கதை. 2024 தொடக்கத்தில் நடந்த உயர்தரப் பரீட்சையில் காதை மறைத்திருந்தார்கள் என்று திருகோணமலையில் 70 மாணவியரின் பெறுபேறுகள் நிறுத்திவைக்கப்பட்டு, பிறகு விடுவிக்கப்பட்டன. பிள்ளைகள் பட்ட மன உளைச்சல் சொல்லி மாளாது. மேற்பார்வையாளர் பார்ப்பது காதில் கருவி உள்ளதா என்பதையே. பெண் மேற்பார்வையாளர் ஒருவர் தனியாகப் பார்த்து உறுதிசெய்ய ஏற்பாடு வேண்டும் என்று முதல் பரீட்சைக்கு முன்பே அதிபர் ஊடாக நிலையத்துக்கு எழுதுங்கள்.

அறநெறி வகுப்பு போதாதா?

பாடசாலைப் பாடத்துக்கு அது ஈடாகாது. ஆசிரியர் இல்லாத பிள்ளைக்கு மட்டும் பெருந்துணை. இந்து அறநெறிப் பாடசாலை, முஸ்லிம் பிள்ளைகளின் அஹதிய்யா, கத்தோலிக்கப் பிள்ளைகளின் மறைக்கல்வி மூன்றும் பெரும்பாலும் ஞாயிறு காலையில். அதே நேரத்தில் டியூஷன் வைத்துவிட்டு இரண்டையும் எதிர்பார்க்க முடியாது.

பிள்ளைகள் கலந்து படிக்க வழியே இல்லையா?

உண்டு. தரம் 6-இலிருந்து சில பாடங்களை ஆங்கிலத்தில் படிப்பிக்கும் இருமொழி வகுப்பு உள்ள பாடசாலைகளில், இரு மொழிமூலமும் இருந்தால், தமிழ், சிங்களப் பிள்ளைகள் அந்தப் பாடங்களுக்கு ஒரே அறையில் இருக்க முடியும். சேர்க்கும் முன் கேளுங்கள்: ஒரே அறையா, இரண்டு தனி வகுப்பா? இரண்டாம் மொழிப் பாடத்துக்கு உண்மையிலேயே ஆசிரியர் இருக்கிறாரா, அட்டவணையில் பெயர் மட்டுமா?

சமயத்தைச் சொல்லி அநீதி நடந்தால் எங்கே போவது?

அன்றே திகதியோடு குறித்துவையுங்கள். அதிபருக்குக் கடிதம், பிரதி வலயக் கல்விப் பணிப்பாளருக்கு. மாகாணப் பாடசாலையானால் மாகாணக் கல்வித் திணைக்களத்துக்கும், தேசிய பாடசாலையானால் கல்வி அமைச்சுக்கும். பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை வைத்திருங்கள். சேர்க்கைப் பிணக்கானால் தற்காலிகப் பட்டியல் ஒட்டப்பட்டதும் மேன்முறையீட்டுக்கென ஒதுக்கிய நாட்களுக்குள் எழுதவேண்டும். இறுதிப் பட்டியலுக்காகக் காத்திருக்கவேண்டாம்.

அடிப்படை உரிமை மீறல் மனுவை 126-ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்யவேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. முறைப்பாட்டுத் துண்டு மட்டும் போதாது, விசாரணை உண்மையில் நடந்துகொண்டிருப்பதைக் காட்டும் கடிதங்களும் வேண்டும். யாழ்ப்பாணம், வவுனியா, திருகோணமலை, மட்டக்களப்பு, கல்முனை ஆகிய இடங்களில் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகங்கள் உள்ளன. அவசர அழைப்பு இலக்கம் 1996. "அதிபர் பார்த்துச் செய்வோம் என்றார்" என்று காத்திருந்து முப்பது நாளைத் தவறவிட்டவர்கள்தான் அதிகம். அதிபரோடு பேசிக்கொண்டே இருங்கள். முறைப்பாட்டை மட்டும் இரண்டாவது கிழமைக்குள் கொடுத்துவிடுங்கள்.